தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நின்ற செடி

வெரிபீயில் நாங்கள் வீடு வாங்கியது ஒரு குளிர்காலத்தில். பூமியின் தென்பாதியில் இருக்கும் இந்த நாட்டில் ஜூன், ஜூலைதான் குளிர்காலம். முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன பின்தோட்டத்தில் அப்போது காய்ந்த தண்டுகளும் ஈரக் களிமண்ணும்தான் இருந்தன. குளிருக்கு மண்ணுக்குள் ஒடுங்கி, வசந்தத்தில் திரும்ப முளைக்கிற செடிகளை நான் அறிந்திருக்கவில்லை. இரண்டு சனிக்கிழமைகள் நின்று எல்லாவற்றையும் கிளறிப் தோட்டக் குப்பைக்கான பச்சை மூடித் தொட்டிக்குள் போட்டேன். வெயில் வந்ததும் அந்த இடத்தில் மிளகாய் நட்டேன்.

நவம்பரில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கதவைத் தட்டினார். அறுபது வயதிருக்கும். கையில் ஒரு சாக்கும் சிறிய மண்வெட்டியும். முன்பு இந்த வீட்டில் தானே இருந்ததாகவும், கணவர் இறந்த பிறகு விற்றுவிட்டு அடுக்குமாடி யூனிட் ஒன்றுக்குப் போனதாகவும் சொன்னார். கணவர் நட்ட லேடீஸ் மேன்டில் செடியில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

பெயர் எனக்கு விளங்கவில்லை. கைபேசியில் படம் காட்டினார். விசிறிபோல மடிப்பு விழுந்த வட்ட இலைகள், அவற்றின்மேல் உருண்டு நிற்கும் மழைத்துளிகள், பச்சையும் மஞ்சளும் கலந்த பொடிப் பூக்கள். எங்கே நட்டிருந்தார்கள் என்று கேட்டேன். மிளகாய்க் கன்றுகள் நின்ற இடத்தைக் காட்டினார்.

செத்துவிட்டது என்று நினைத்துப் பிடுங்கிவிட்டேன் என்றேன்.

“குளிர்காலத்தில் அப்படித்தான் தெரியும்,” என்றார் ஆங்கிலத்தில். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என் கணவர் கையில் அகப்பையோடு குசினி வாசலில் இருந்து, “ஆரப்பா அது?” என்று கேட்டார்.

“முந்தி இஞ்ச இருந்தவா. ஒரு பூக்கன்று கேட்டு வந்திருக்கிறா. நான் எல்லாத்தையும் புடுங்கிப் போட்டன்.”

“தண்ணித் தாங்கிக்குப் பின்னால ஏதோ ஒண்டு முளைச்சுக் கிடக்கு. போய்ப் பாரும்.”

அது, இந்த நாட்டில் வெயில் படாத தெற்குப் பக்கம். நான் அங்கே போவதே இல்லை. மழைநீர் சேரும் தாங்கிக்கும் வேலிக்கும் நடுவில், படத்தில் பார்த்த அதே விசிறி இலைகளோடு ஒரு குத்துச் செடி நின்றது. அந்தப் பெண் முழங்காலிட்டு இலையைத் தொட்டுப் பார்த்தார். இது கணவர் நட்ட செடி அல்ல, அதன் விதை விழுந்து முளைத்தது என்றார். வேரோடு கிளப்பி, மண்வெட்டியால் இரண்டாகப் பிளந்தார். ஒரு பாதியை ஈரச் சாக்கில் சுற்றினார். மற்றதைத் திரும்ப நட்டுத் தண்ணீர் ஊற்றினார். போகும்போது என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

பெப்ரவரியில் அழைத்தார். யூனிட்டின் பால்கனியில் வைத்திருந்தாராம். மேற்கு வெயிலில் கருகிப்போய்விட்டது. என்னுடையது நிற்கிறது, வெயில் தணியட்டும், கொண்டுவருகிறேன் என்றேன்.

ஏப்ரலில் நானே அதைக் கிளப்பிப் பிளந்தேன். பெரிய பாதியைச் சாடியில் வைத்துக் காரில் கொண்டுபோனேன். இந்தமுறை அவருடைய முன்கதவுக்குப் பக்கத்தில், நிழலில் வைத்தோம். தேநீர் தந்தார்.

அடுத்த வசந்தத்தில் பூத்தது என்று படம் அனுப்பினார். சின்னப் பாதியான என்னுடையது அந்த வருடம் பூக்கவில்லை. அதற்கு அடுத்த வருடம் பூத்தது.