வலப்பக்கம் இழுக்கும் டாங்கி

விருந்தாளிகள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்குவதற்குள் அவள் கரண்டிகளை எண்ணி முடித்திருப்பாள். ஆறு கரண்டி, ஆறு தட்டு, நாலு தம்ளர். சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். முதல் தடவை வருகிறவர்களுக்கு முகம் சுண்டிப் போகும். நாத்தனார் ஒருமுறை கைப்பையைத் திறந்து கவிழ்த்தே காட்டிவிட்டாள். "நல்லா பாத்துக்கோங்க அண்ணி, ஒண்ணும் எடுத்துட்டுப் போகல." அண்ணிக்கு ஆச்சரியம். "உன்னை யாரு சந்தேகப்பட்டா? எண்ணலேன்னா எனக்குக் கை ஓடாது" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் இருபத்தாறு வருடமாக நர்ஸ். கத்தி, கத்தரி, ஊசி, பஞ்சுத்துணி எல்லாவற்றையும் வயிற்றைத் திறக்குமுன் ஒரு தடவை, மூடுமுன் ஒரு தடவை எண்ணுவது அவள் பொறுப்பு. "கணக்கு சரி" என்று அவள் வாயால் வந்தால்தான் தையல் ஆரம்பிக்கும். ஒரு நாள் ஓர் ஊசி குறைந்தது. "உள்ள ஒண்ணும் இல்ல சிஸ்டர், தைச்சிடலாம்" என்றார் பெரிய டாக்டர். "ஒண்ணு குறையுது டாக்டர்" என்றாள். அவர் கத்தினார். அவள் அதே மூன்று சொல்லைத் திரும்பச் சொன்னாள், குரலைக்கூட உயர்த்தவில்லை. இருபது நிமிடம் கழித்து ஊசி கிடைத்தது, பெரிய டாக்டரின் செருப்பு அடியில் குத்திக்கொண்டு. அன்றிலிருந்து அவள் பெயர் கணக்கு சிஸ்டர். வைத்தவரும் அந்த டாக்டர்தான்.

வீட்டுக்காரர் சரக்கு யார்டில் கிரேன் ஓட்டுகிறவர். ஏழு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. பேச்சு திரும்பியது, கால் திரும்பியது. வலது கை மட்டும், வேலைக்கு வர மனமில்லாத ஆள் மாதிரி, கூப்பிட்டால் பாதி தூரம் வந்து நின்றுவிடும். யார்டு மேலாளர் நல்ல மனிதர், இடத்தை இன்னும் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. மாதக் கடைசியில் வந்து ஓட்டிக் காட்டு, முடிந்தால் ஏறு, முடியாவிட்டால் பார்க்கலாம் என்றிருக்கிறார். "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும்.

விரல்களுக்கு வேலை கொடுங்கள், சின்னச் சின்னதாகப் பொருத்துகிற மாதிரி ஏதாவது வாங்குங்கள் என்று பிசியோதெரபிப் பெண் சொன்னாள். கடையில் பிளாஸ்டிக் கட்டைகளில் வீடு இருந்தது, கப்பல் இருந்தது, கிரேனும் இருந்தது. "கிரேனா? நெஜத்தையே ஓட்டுனவன்டி நான்" என்று மூக்கைச் சுளித்துவிட்டு ராணுவ டாங்கியை எடுத்தார். மோட்டார் வைத்தது, ரிமோட்டில் ஓடுவது. ரிமோட்டில் இரண்டு குச்சிகள். இடது குச்சி இடப்பக்கச் சங்கிலிப் பட்டைக்கு, வலது குச்சி வலப்பக்கப் பட்டைக்கு. எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு வேகம்.

பெட்டியைப் பிரித்ததும் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆயிரத்து இருநூற்றாறு என்று அட்டையில் போட்டிருந்தது, ஆயிரத்து இருநூற்றுப் பதினொன்று இருந்தது. அந்த ஐந்தையும் தனிப் பொட்டலம் கட்டி 'உபரி' என்று எழுதி வைத்த பிறகுதான் முதல் கட்டையைத் தொடவிட்டாள். சாப்பாட்டு மேசைதான் தியேட்டர். அவர் வலது கையை நீட்டுவார், அவள் வேண்டிய கட்டையை உள்ளங்கையில் சுள்ளென்று வைப்பாள். "மெதுவாம்மா, நான் என்ன மயக்கத்துலயா இருக்கேன்?" என்பார். ஒரு பல்சக்கரம் பொருத்த முதலில் கால் மணி நேரம் ஆனது. போகப் போக இரண்டு நிமிடம்.

மூன்று வாரத்தில் டாங்கி நின்றது. இரண்டு குச்சிகளையும் முன்னால் தள்ளியதும் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றியது. ஒரு பக்கத்து வயரைத் திருப்பிச் செருகியிருந்தார். "புத்தகத்தைப் பாத்து மாட்டுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்றாள். "புத்தகமெல்லாம் கத்துக்குட்டிக்கு" என்றவர், அதே புத்தகத்தைப் பார்த்து வயரை மாற்றினார்.

இப்போது ஓடியது. ஆனால் நேராக ஓடவில்லை. கூடத்தின் ஒரு கோடியில் விட்டால், மறு கோடி போய்ச் சேருமுன் வலப்பக்கம் இழுத்து அலமாரியில் முட்டியது. பத்து தடவை விட்டார், பத்து தடவையும் அலமாரிதான். டாங்கியில் குற்றமில்லை. இடது கை குச்சியை முழுக்கத் தள்ளியது, வலது கை பாதியைத் தாண்டியதுமே நின்றது. கை எங்கே நிற்கிறது என்பது கைக்கே தெரியவில்லை. "இது என் கையே இல்ல" என்று ரிமோட்டைக் கவிழ்த்து வைத்தார். இரண்டு நாள் அதைத் தொடவில்லை. சாப்பாட்டில் பாதி தட்டிலேயே நின்றது.

மூன்றாம் நாள் காலை, அவர் குளிக்கப் போன நேரத்தில், கணக்கு சிஸ்டர் டாங்கியின் வயிற்றைத் திறந்தாள்.

உள்ளே பக்கத்துக்கு இரண்டு பல்சக்கரம், எல்லாம் பதினாறு பல். டாங்கியின் தலையை மெதுவாகச் சுழற்றும் இடத்தில் மோட்டார் பக்கம் பன்னிரண்டு பல் ஒன்று, மறுபக்கம் இருபது பல் ஒன்று. அந்த ஜோடியை, பெரியது மோட்டார் பக்கம் வருகிற மாதிரி திருப்பி, வலப்பக்கத்துக்கும், வலப்பக்க ஜோடியைத் தலைக்கும் மாற்றினாள். இனி பாதியைத் தாண்டித் தள்ளினாலே வலப்பட்டை முழுவேகத்தில் ஓடும். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. மூடியபிறகு 'கணக்கு சரி' என்று சொல்லாமலே எழுந்தாள். அது அவளுக்குப் புதுசு.

அன்று டாங்கி நூல் பிடித்தாற்போல ஓடியது. அவர் சிரித்தார், இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், யார்டுக்குப் போன் போட்டு "ரெடி சார், தேதி மட்டும் சொல்லுங்க" என்றார். அவள் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. பயமாகவும் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பழக்கமில்லாதவளுக்கு இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

இரண்டு நாள் தாங்கியது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் கேட்டார். "தலை ஏன் இவ்ளோ வேகமா சுத்துது?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "பேட்டரி புதுசுல்ல."

அவர் போர்வையை நாலாக மடித்துத் தரையில் போட்டு, அதன்மேல் டாங்கியை ஏற்றினார். இடப்பட்டை ஏறியது. வலப்பட்டை உறுமிவிட்டு நின்றது. முப்பது வருடம் மோட்டார் சத்தத்தோடு குடித்தனம் நடத்திய காது அது. "வலப்பக்கம் முக்குது. வேகத்துக்குக் குடுத்துட்டு இழுவையை எடுத்திருக்கு." நிமிர்ந்து பார்த்தார். "கணக்கு சரியா, சிஸ்டர்?"

சரி என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் ஆகாது. ஆனால் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"நாந்தாங்க மாத்துனேன். நீங்க சாப்பிடவே இல்ல..."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. "டாங்கின்னா அலமாரியில முட்டும், போகட்டும். கிரேனுக்குக் கீழ ஆள் நிப்பான்டி" என்றார்.

இருபத்தாறு வருடமாக அடுத்தவர் வீட்டு மனிதருக்குள் ஓர் ஊசியைக்கூட விட்டுவைக்காதவள் அவள். வெட்கத்தில் மடித்த துணியையே திரும்ப மடித்தாள்.

அவர் போனை எடுத்தார். "சார், அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். கை இன்னும் கட்டுப்படல. ரெண்டு மாசம் குடுங்க." மறுமுனையில் நீண்ட பேச்சு. "மேல கேட்டுச் சொல்றாராம்" என்று போனை வைத்தார். அந்த இடம் இருக்குமா என்பது இனி மேலே இருக்கிறவர் கையில்.

பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து டாங்கியைப் பிரித்து, சக்கரங்களை அதனதன் இடத்தில் மாட்டினார்கள். அவள் கூடத்தின் நீளத்துக்குச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். அவர் டாங்கியைக் கோட்டின் தலைப்பில் நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு குச்சிகளையும் தள்ளினார். பாதி தூரம் நேராக வந்தது. அப்புறம் வலப்பக்கம் இழுத்தது. அலமாரி வரை போகவில்லை, அதற்கு முன்னமே கோடு முடிந்து டாங்கி நின்றது.

அவள் தையல் டேப்பை எடுத்துவந்து, முழங்காலிட்டு, கோட்டிலிருந்து பட்டை வரை இழுத்துப் பிடித்தாள்.

"எவ்ளோ?"

சொன்னாள்.

"நாப்பதுன்னு போட்டுக்கோ, பரவால்ல."

சாக்பீஸைத் தரையில் அழுத்தித் தேதி போட்டாள். பக்கத்தில் நாற்பத்தொன்றரை சென்டிமீட்டர் என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டாள்.