சகலையின் சிவப்புக் கார்

அறுபதுகளின் தொடக்கத்தில் பாலக்கரையில் எனக்கு ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப் இருந்தது. ஸ்ரீரங்கத்தில் குடியிருந்த என் சகலை ராஜகோபாலிடம், இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு நிறச் சீமை ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. அவர் மனைவியோடு அதில் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது, என் மனைவியைப் பின்னால் ஏற்றிச் சைக்கிள் மிதிக்கும் எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் காலை அவர் அந்தக் காரை ஒர்க்‌ஷாப்புக்கே கொண்டுவந்தார்.

"அவளுக்கு ஆபரேஷன் பண்ணணுமாம். வித்துடலாம்னு இருக்கேன் சகலை. நியாயமா என்ன பெறும், சொல்லுங்க."

இன்ஜினைத் திறந்து பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. நாலாயிரம் தாராளமாகப் பெறும்.

"பழைய வண்டி. ஸ்பேர் கிடைக்காது. ரெண்டாயிரத்துக்குப் போனா பெரிசு" என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்த்து எனக்கு உள்ளம் குளிர்ந்தது.

சற்று நேரம் காரைத் தடவிக்கொண்டு நின்றவர், சாவியை என் கையில் வைத்தார்.

"அப்ப அந்த விலைக்கு நீங்களே எடுத்துக்கங்க. உங்களுக்கு இது மேல ஆசைன்னு தெரியும். மீதிக்கு நான் வேற வழி பார்த்துக்கறேன்."

ஆபரேஷனுக்குக் காத்திருந்தவள் என் மனைவியின் தங்கை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"பொய் சொல்லிட்டேன். நாலாயிரம் பெறும். பொறாமையில சொன்னேன்" என்றேன், தலையைத் தூக்காமல்.

நான் நீட்டிய சாவியை அவர் வாங்கவில்லை.

"அப்ப நாலாயிரத்துக்கு ஆள் பாருங்க. உங்களை விட்டா எனக்கு யார் இருக்கா?" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

நாலாயிரத்து இருநூறுக்கு விற்றுக் கொடுத்தேன். அவர் மனைவியும் குணமாகி வீடு திரும்பினாள். பொய் சொன்னவனிடமே சாவியை விட்டுப் போக என்னால் முடியுமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். முடியாது. அவர்மேல் எனக்கு இன்றும் பொறாமைதான்.