இரண்டு தாள் கொடுத்த பெண்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உள்ள போட்டோ காப்பிக் கடையில் அந்தப் பெண் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். ஜெர்சிக் கையை விரல்வரை இழுத்துவிட்டிருப்பாள். பேசுகிறவன் முகத்தையே பார்த்தபடி அடிப்பாள். எங்கள் லயத்து வீட்டுக் கூரை, மகள் படுக்கும் இடத்தில் ஒழுகியது. தேயிலைத் தோட்டத்துத் தொரைக்குக் கடிதம் எழுதத்தான் போனேன். போய்த் தொரையைத் திட்டிக் கத்தினேன். கெட்ட வார்த்தை உட்பட எல்லாவற்றையும் அடித்தாள்.

"அண்ணே, இத படிச்சிட்டு தொரை என்ன செய்யணும்?"

"தகரத்த மாத்தணும். வேற என்ன?"

"அது இதுல எங்கயும் இல்லையே."

தேடிப் பார்த்தேன். இல்லை.

எந்த வீடு, எங்கே ஒழுகுகிறது, எப்போது மாற்றித் தருவீர்கள் என்று வேறொரு தாளில் மூன்றே வரி அடித்தாள். இரண்டையும் நீட்டினாள்.

"இது தொரைக்கு. அது ஒங்களுக்கு."

"எனக்கு எதுக்கும்மா?"

"கோபம் ஒங்களோடதுதானே?"

அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

மூன்று வரித் தாளைத் தொரையிடம் கொடுத்தேன். புதுத் தகரம் வந்தது. மகள் நனையாமல் தூங்குகிறாள். அந்தப் பெண் எனக்கு உதவி செய்தாளா, என் வாயை அடைத்தாளா என்று இன்னும் விளங்கவில்லை. மற்றத் தாளைக் கிழிக்கவும் மனம் வரவில்லை. யாரிடம் கொடுப்பது என்றும் தெரியவில்லை.