சப்பாத்துக்குள் ஒரு கை

சப்பாத்து வாங்குகிறவர்கள் காலை விட்டுப் பார்ப்பார்கள். நான் கையை விட்டுப் பார்க்கிறேன். விரல்களை நுனிவரை தள்ளி, தையல் எங்கே முடிகிறது, தோல் எங்கே மடிகிறது, ஒட்டுப்பசை எங்கே காய்ந்து கல்லாகிக் கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தேடுகிறேன். சப்பாத்து எனக்கு அல்ல, என் கணவருக்கு. அவருடைய பாதங்களுக்கு இப்போது ஒன்றும் தெரியாது.

சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அவருக்கு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. முதலில் பெருவிரல்கள் மரத்தன, பிறகு குதிகள், பிறகு பாதம் முழுவதும். ஒருநாள் வேலைத்தலத்தில் சப்பாத்துக்குள் விழுந்த ஒரு திருகாணியோடு பொழுது முழுக்க நடந்துவிட்டு வந்தார். ஹில்ஸ்பரோவில் எங்கள் வீட்டு வாசலில் கழற்றி வைத்தபோது அது உருண்டு வெளியே வந்தது. அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. டொரொண்டோவில் அவருடைய அண்ணனுக்கு ஒரு கொப்புளத்தில்தான் தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகுதான் நின்றது.

அன்றிலிருந்து என் காலைப்பொழுது அவருடைய சப்பாத்துகளில் தொடங்குகிறது. போடுமுன் கையை விட்டுத் தடவிப் பாருங்கள் என்று கால் மருத்துவர் சொன்னது அவருக்கு. அதை எப்போது என் வேலையாக்கிக்கொண்டேன் என்று நினைவில்லை. மாலையில் அவர் கதிரையில் சாய்ந்திருப்பார், நான் கீழே தரையில் இருந்து, பாதத்தை மடியில் வைத்து, சின்னக் கண்ணாடியை அடியில் பிடித்துப் பார்ப்பேன். கலியாணத்தன்று என் காலைத் தூக்கி அம்மியில் வைத்து மெட்டி போட்டவர் அவர். அன்று வெட்கத்தில் எனக்குக் கால் கூசியது. இன்று அவருக்குக் கூசவாவது கூசாதா என்று உள்ளங்காலில் நகத்தால் கோடு இழுக்கிறேன். தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

இப்படியான கால்களை வைத்துக்கொண்டு மனிதர் மலைக்குப் போக ஆசைப்பட்டார்.

மனுகாவ் பக்கம் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் அவருக்கு வேலை. கூட வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், இலையுதிர் காலம் வந்தால் இரண்டு நண்பர்களோடு, நாங்கள் வந்து குடியேறிய இந்தத் தீவின் நடுவிலிருக்கும் மலைகளுக்கு மான் வேட்டைக்குப் போவார். அந்த நாட்களில்தான் ஆண்மான்கள் பெண்மான்களைத் தேடிக் குரலெடுக்கும். ஒருமுறை அதைக் கைத்தொலைபேசியில் பதிந்து வந்து சாப்பாட்டு நேரத்தில் போட்டுக் காட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்த என் மனுசன் அந்த உறுமலை எனக்குத் தன் தொண்டையால் செய்துகாட்டினார். குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு, வயிற்றிலிருந்து.

"நான் சுடப் போகேல்லையப்பா. சுடுறதை அவையள் சுடட்டும், நான் இறைச்சியைத் தூக்கிறன். எனக்கு அந்தச் சத்தத்தை ஒருக்கா நேரில கேக்கோணும்."

ஊரில் சண்டைக் காலத்தில், சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடிப் பழகிய மனிதர். இப்போது ஒரு சத்தத்தை நோக்கி நடக்க விரும்புகிறார். என்ன சொல்லி மறிப்பேன்? மறிக்க வேண்டிய வேலையைக் கால் மருத்துவரிடம் விடலாம் என்று கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பெண்ணும் மறிக்கவில்லை. கால் ஈரமாகக் கூடாது, மதியம் ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும், சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தாலும் அத்தோடு திரும்பிவிட வேண்டும் என்றாள். புண் வந்தால் பிறகு விரல்தான், விரலுக்குப் பிறகு என்ன என்று உங்களுக்கே தெரியும் என்று மெல்ல முடித்தாள்.

ஆக, எல்லாம் சப்பாத்தில் வந்து நின்றது.

முதலில் வாங்கியது பிழை. எங்கள் ஆட்கள் மட்டும் விடக்கூடிய பிழை. மலை என்றதும் எங்களுக்குக் குளிர்தான் எதிரி. மார்கழிப் பனிக்கே காதைக் கட்டிக்கொண்டு திரிந்த சனம் நாங்கள். கோயிலில் விசாரித்தபோது எல்லோரும் ஒரே குரலில், உள்ளுக்குக் கம்பளி வைத்ததாகப் பார்த்து வாங்குங்கோ என்றார்கள். பாட்டனி டவுன்ஸில் ஒரு கடையில் அப்படியே ஒன்று கிடைத்தது. உள்ளே கையை விட்டபோது ஆட்டுக்குட்டியின் வயிறு மாதிரி இருந்தது. இவ்வளவு மென்மையான இடத்தில் எந்தப் புண்ணும் வராது என்று நம்பினேன்.

அதைப் போட்டுக்கொண்டு மவுண்ட் ரோஸ்கில் குன்றில் ஏறி இறங்கி வந்தார். மழை இல்லை, புல்லில் பனியும் இல்லை. வீட்டுக்கு வந்து கழற்றினால் காலுறையைப் பிழியலாம் போலிருந்தது. அத்தனையும் வியர்வை. பாதம் வெளிறி, சுருங்கி, நாள் முழுக்கத் துணி தோய்த்த கைபோல ஊறிக் கிடந்தது. விரலால் தேய்த்தால் தோல் நகர்ந்தது. வெளியிலிருந்து ஒரு துளி உள்ளே வரவில்லை, உள்ளிருந்து ஒரு துளி வெளியே போகவும் இல்லை. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, நல்ல சூடாக இருந்ததாம். அன்பென்று நினைத்துக்கொண்டு நாங்கள் பொத்திப் பொத்தி வைத்தவற்றை எல்லாம் நினைத்தபடி அந்தக் காலை ஒவ்வொரு விரலிடுக்காகத் துடைத்தேன்.

மலையில் நடப்பவனின் கால் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், கம்பளியெல்லாம் ஓரிடத்தில் அசையாமல் காத்துக் கிடப்பவனுக்குத்தான் என்று அந்த வெள்ளைக்காரர் சொல்லியனுப்பினார். தண்ணீர் புகாத தோல், அதற்குள் ஒரு மெல்லிய சவ்வு, வேறொன்றும் வேண்டாம். குளிருக்குக் காலுறையைத் தடிப்பாக்கு, சப்பாத்தைத் தடிப்பாக்காதே.

இரண்டாவது தேடலுக்கு மனுகாவுக்குப் போனோம். கடையில் நின்ற பெண் தமிழ்நாட்டுக்காரி, திருச்சிப் பக்கம் என்றாள். நான் ஒவ்வொரு சோடியையும் மடியில் வைத்துக் கையை விட்டுத் துழாவுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்களே எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டா எப்படி? சார் கால விட்டுப் பாக்கட்டுமே."

"என்ர காலைக் கேட்டு வேலையில்லைப் பிள்ளை," என்றார் இவர். "அது ஆமாம்சாமி. எதைப் போட்டாலும் நல்லாயிருக்கு எண்டுதான் சொல்லும். அவவின்ர கையைத்தான் கேக்கோணும்."

அவளுக்கு விளங்கிவிட்டது. தன் அப்பாவுக்கும் சுகர் இருக்கு என்றாள். பிறகு பகிடி விடவில்லை. இன்னும் மூன்று பெட்டிகளைக் கொண்டுவந்து திறந்து வைத்துவிட்டு, தானும் என் பக்கத்தில் குந்தி, இன்னொரு சப்பாத்துக்குள் கையை விட்டாள். இரண்டு பெண்கள், இரண்டு சப்பாத்துகள், இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு. இவர் எங்களைப் பார்த்துக்கொண்டு காலுறையோடு இருந்தார்.

கடைசியில் எடுத்தது மண்ணிறத் தோல், கணுக்காலுக்கு மேலே ஏறும் உயரம். உள்ளே ஒரே வழுவழுப்பு. விரல் நுனியில் ஒரு தையலும் இல்லை. கையை விட்டால் சூடில்லை, குளிருமில்லை. காலியான ஓர் அறை மாதிரி. அந்த வெறுமை எனக்குப் பிடித்தது.

வாரக்கணக்கில் அதை வீட்டுக்குள்ளும் குன்றிலும் போட்டுப் பழக்கினோம். கழற்றும்போது காலுறை காய்ந்தே இருந்தது. போகும் காலை ஒரு கட்டு வெள்ளைக் காலுறைகளைப் பையில் வைத்தேன். நோவு சொல்லாது, நிறமாவது சொல்லட்டும். வேட்டைக்காரர்கள் காட்டு நிறத்தில் நிற்க, இவர் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைபோல வெள்ளைக் காலுறையோடு வாகனத்தில் ஏறினார். மான் இவரை முயல் என்று நினைத்துக் கிட்டவே வரும் என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தச் சின்னக் கண்ணாடியை அவருடைய சட்டைப் பைக்குள் போட்டேன்.

"ஒவ்வொரு நாளும் போடமுன்னம் கையை விடுங்கோ. அவையள் பாத்தாலும் பறவாயில்லை."

"ஓம் ஓம்," என்றார்.

அங்கே தொலைபேசி எடுக்காது. அந்த நாட்களில் மடியில் வைக்க ஒரு பாதமும் இல்லாமல் மாலைகளில் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கதிரைக்கு முன்னால் தரையில் இருந்துவிட்டு எழும்பிப் போனேன்.

சொன்னதற்கு ஒருநாள் முன்னதாகவே வாகனம் வந்து நின்றது. அவரும் அந்த வெள்ளைக்காரரும் மட்டும். இறங்கும்போது வலக்காலில் சப்பாத்து இல்லை, துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்க்காமல் வாசற்படியைப் பார்த்துக்கொண்டு வந்தார். வெள்ளைக்காரர் பைகளை இறக்கி வைத்து, என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

முதல் நாள் எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கிறது. ஓடையில் இறங்கி ஏறியிருக்கிறார்கள், உள்ளே ஈரமில்லை. இரண்டாம் நாள் காலை மற்றவர்கள் பைகளை மாட்டிக்கொண்டு, இரவு தங்கிய குடிசையின் வாசலில் நின்றார்கள். இவருக்கு அவர்களைக் காக்க வைக்க வெட்கம். கையை விடாமல் காலை விட்டார். அவ்வளவுதான். உள்ளே ஒரு சுள்ளித் துண்டு, பல்லுக்குத்தும் குச்சியளவு.

மதியம் சரிவில் குந்தியிருந்து கழற்றியபோது வெள்ளைக் காலுறையின் நுனியில் சிவப்பு.

"அந்த நேரம் பாத்துக் கத்திச்சுது," என்றார். நான் மடியில் காலை வைத்துத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். "எதிர் மலையில. நெஞ்சுக்கூட்டுக்குள்ள வந்து இடிச்சமாதிரி. கையில காலைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். முடியுமட்டும் காலைப் பாக்கேல்லை. முடிஞ்சாப் பிறகுதான் குனிஞ்சு பாத்தன்."

சின்னவிரலின் அடியில் தோல் உரிந்து ஒரு குழி. மண் படிந்த அந்தக் காலைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

குளிர்காலம் முழுவதும் அந்தக் குழியோடு போனது. கட்டு மாற்றுவதும், மருந்தும், விரலை வெட்ட வேண்டி வரலாம் என்று ஒருமுறை ஆஸ்பத்திரியில் மெல்லச் சொன்னதும். வசந்தத்தில் மூடியது. விரல் இருக்கிறது. அந்த இடத்தில் தோல் மினுங்குகிறது, புதிதாக, மெல்லியதாக. மலை இனி வேண்டாம், வேண்டுமானால் குடிசைவரை போகும் சமதரைப் பாதை மட்டும் என்றாள் கால் மருத்துவர். கூட ஆள் வேண்டும் என்றாள். கூட வரப்போகிற ஆள் யாரென்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

போன கிழமை அதே கடைக்குப் போனோம், எனக்குச் சப்பாத்து வாங்க. திருச்சிப் பெண் இப்போது அங்கே இல்லை. கம்பளி வைக்காதது, தண்ணீர் புகாதது என்று நானே கேட்டுவிட்டுக் கதிரையில் இருந்தேன். காலை நீட்டினேன். அவர் பெட்டியிலிருந்து எடுத்த சப்பாத்தை என்னிடம் தரவில்லை. குனிந்து, தரையில் முழங்காலை ஊன்றி, உள்ளே கையை விட்டார்.

"என்ர காலுக்குத் தெரியுமப்பா," என்றேன்.

"பொறும்," என்றார். அவர் கண்கள் மூடியிருந்தன. நுனியில் ஓரிடத்தில் விரல்கள் நின்று, திரும்பி வந்து, மறுபடி நின்றன. "இஞ்ச ஒரு தையல் உறுத்துது. இது வேண்டாம்."

கையை விட்டுப் பார்த்தேன். இருந்தது. அவர் அடுத்த பெட்டியைத் திறந்தார்.