திரும்பிப் பார்க்காத டிரஸ்ஸர்

காஜா பெராங்கிலுள்ள தன் வீட்டிலிருந்து ஜெயிலுக்குச் சைக்கிள் மிதிக்கும்போதே, கைதிகளுக்கு மருந்து வைத்துக் கட்டும் டிரஸ்ஸர் கலியாணசுந்தரத்துக்குப் பாதிக் கனவு தொடங்கிவிடும். கடல் பக்கத்து வெள்ளை வெயிலில் சாலை மிதக்கும். அந்த மிதப்பில் ஒரு கை மட்டும் அவருக்குத் தெரியும். கைதி சுப்பையனின் இடது கை.

சுப்பையன் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வான். "எல்லாம் ஆஸ்பத்திரிப் பாலுக்காக நடிப்பு" என்பார்கள் வார்டர்கள். பாலுக்காக எவனாவது தன் உடம்பை ரணமாக்குவானா? ஆளும் லேசுப்பட்டவன் இல்லை. காலையில் டிரஸ்ஸரைச் சாமி என்பான், மத்தியானம் வாய்க்கு வந்தபடி ஏசுவான். மெர்டேக்கா, அதாவது நாட்டுச் சுதந்திரம், வரப்போகிற வருஷம் அது. இன்னொரு காயம் வந்தால் தனி இருட்டறைதான் என்று ஜெயிலின் வெள்ளைக்கார அதிகாரி பெரிய துரை சொல்லிவிட்டார். இருட்டறையில் அவன் செத்தே போவான் என்று டிரஸ்ஸருக்குப் பயம்.

ஒருநாள் கட்டுப் போட்டபடி, "ஏம்பா இப்படிப் பண்ற?" என்று கேட்டார்.

"இது வலிச்சா உள்ள இருக்கிறது கொஞ்சம் அடங்குது, ஐயா. நீங்க திரும்பிப் பார்க்காம போயிடுறீங்க. அப்புறம் நான் இருக்கேனா இல்லையான்னே தெரியல. எங்கம்மாவும் ரப்பர் தோட்டத்துல அப்படித்தான், ஒண்ணும் சொல்லாம போயிட்டாங்க."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜெயிலிலும் ஆஸ்பத்திரியிலும் 'வரேன்' என்று விடைபெறக் கூடாது, சொன்னால் மறுபடி அங்கேயே வரவேண்டியிருக்கும் என்பது நம் சனங்களின் நம்பிக்கை. அதற்காகவே தினமும் பையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் நழுவுவார். அவனுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருந்தார், பாவம்.

அன்று வாசலில் நின்று திரும்பினார். "சுப்பையா, நாளைக்கு வரேன்."

அதன்பின் தினமும் சொன்னார். லீவு என்றால் எப்போது வருவார் என்றும் சொன்னார். காயம் உடனே நின்றுவிடவில்லை. மறுபடி ஒன்று வந்தபோது துரையின் முன்னால் போய் நின்று, தண்டித்தால் இது கூடும் என்று கெஞ்சினார். துரை முணுமுணுத்தபடியே இருட்டறைத் தண்டனையைக் கைவிட்டார். மெல்ல மெல்ல அந்தக் கையில் பழைய வடுக்கள் மட்டும் மிஞ்சின.

சுப்பையன் விடுதலையான காலையில் ஊரெல்லாம் பனிமூட்டம். ஜெயில் கதவைத் தாண்டுகிறவன் திரும்பிப் பார்ப்பதில்லை. அவன் திரும்பினான்.

"ஐயா, வரேன்."

"டேய், இங்க நின்னு அப்படிச் சொல்லாதடா!" என்று பதறினார் வார்டர்.

கலியாணசுந்தரத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. "அவன் ஜெயிலுக்குச் சொல்லலப்பா. காஜா பெராங்ல என் வீட்டுக்குச் சொல்றான். வா, சுப்பையா."