எண்ணெய்த் தூக்கு

ஒகேனக்கல்லில் அம்மா மீன் வறுத்து விற்கிறாள். மாலையில் கடையைக் கட்டும்போது சட்டியில் மிஞ்சிய எண்ணெயைத் தூக்கில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருவாள். மறுநாள் எங்கள் குழம்பு அதில்தான். ஆற்றங்கரைக் கடைக்காரர்கள் எல்லோர் வீட்டிலும் அப்படித்தான். மீன் வாசம் ஏறிய எண்ணெயைக் கொட்டுவது சோற்றைக் கொட்டுவதற்குச் சமம்.

போன மாசியில், மீன் கேட்டு வந்தவரிடம் பேசிக்கொண்டிருந்தவளுக்கு நாக்குக் குழறி, வாயின் வலது ஓரம் கீழே இறங்கிவிட்டது. கையிலிருந்த கரண்டி நழுவியது. பக்கத்துக் கடை அக்கா போன் செய்து நான் ஓடிப்போனபோது, எல்லாம் சரியாகி அம்மா மீனைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"வெயிலுடி. லேசா மயக்கம்."

நான் விடவில்லை. தருமபுரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் ஸ்கேன் எடுத்தேன். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்திருக்கிறது, அடைப்பு வந்து விலகியிருக்கிறது, மறுபடியும் வரலாம் என்றார் மருத்துவர். மாத்திரை எழுதிவிட்டு, "எண்ணெயே வேணாம்னு சொல்லலைங்க. அளவா சேர்த்துக்கங்க. பொரிச்சதையே திரும்பக் காய்ச்சாதீங்க" என்றார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். எந்தக் காகிதத்தையும் அடுத்தவரிடம் நீட்ட வேண்டியதில்லை என்பதில் எனக்குக் கர்வம் உண்டு. ஆனால் திரும்பி வரும் பேருந்தில் அந்த ஸ்கேன் அறிக்கையைப் படிக்கப் படிக்க, படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. அம்மா ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள்.

மாத்திரையை விழுங்கினாள். தூக்கை மட்டும் விடவில்லை. நான் புது எண்ணெய் கொஞ்சமாக விட்டுத் தாளித்தால், "ஆஸ்பத்திரிக் கொழம்பு ஆயிடுச்சா?" என்பாள். இரவில் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு விழித்துக் கிடப்பேன். காலையில் அவள் எழுந்ததும் ஏதாவது கேட்பேன். பதில் எனக்கு முக்கியமில்லை, வாய் நேராக அசைகிறதா என்று பார்ப்பேன்.

நேற்று மாலை வெறுங்கையோடு வந்தாள். ஒரு கணம் சந்தோஷம். உடனே சந்தேகம். வேண்டாமென்று விட்டாளா, மறந்துவிட்டாளா? அவள் தூக்கை மறந்ததே கிடையாது.

"எண்ணெ எங்கம்மா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எந்த எண்ணெ?"

விளக்கைப் போட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் வாயையே பார்த்தேன்.

"அடப் போடி. பரிசல்காரரு துடுப்புக்குப் பூசக் கேட்டாரு, தூக்கோட குடுத்துட்டேன். இனி தெனமும் அவருக்குத்தான். நீ தூங்கணுமில்ல? மூஞ்சியப் பாரு, இவதான் வூட்டுக்கு டாக்டராம்."

சிரித்தாள். வாயின் இரண்டு ஓரங்களும் ஒன்றுபோல் உயர்ந்தன. அதன் பிறகுதான் தோளை விட்டேன்.