இடது முன்சக்கரத்துக் கயிறு

கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற பின், போடிமெட்டுக்கு அப்பால் எங்கள் குடும்பத்துக்கு இருந்த சிறிய ஏலத்தோட்டத்தை நானே பார்த்துவரலானேன். வாரத்தில் இரு நாள் என் தங்கை மகனின் ஜீப்பில் மலையேறுவேன். அவன் நாள்தோறும் விடியற்பொழுதில் போடிநாயக்கனூரில் பன்னிரண்டு பெண்களை ஏற்றி வந்து எங்கள் தோட்டத்தில் காய் பறிக்க இறக்கிவிடுவான். மாலையில் அவர்களைத் திரும்ப அழைத்துச் செல்வான். இடைப்பட்ட பகலில் எங்கள் சிறு இழுவை வண்டியை ஓட்டுவான். குட்டி டிராக்டர் என்றே எல்லோரும் அதைச் சொல்வார்கள்.

அந்தக் கொண்டையூசி வளைவுகளில் ஜீப் ஓட்டுபவனுக்கு நற்பெயர் என்பது வேறொன்றுமில்லை. பெண்கள் தயங்காமல் அவன் வண்டியில் ஏறுவதுதான். பத்தாண்டுகளாக அவன் அதை ஈட்டி வைத்திருந்தான். அதை நான் ஒரு பிற்பகலில் கெடுத்தேன்.

வேறொரு தோட்டத்திலிருந்து பழையதாக வாங்கியது அந்த இழுவை வண்டி. அதன் இயந்திரம் எண்ணெயை அழுத்தித் தடித்த குழாய்கள் வழியே அனுப்பும். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் பொருத்திய மோட்டார் அந்த அழுத்தத்தால் சுழலும். ஏற்றத்தில் வண்டியை உந்துவதும் சரிவில் பிடித்து நிறுத்துவதும் அவ்வெண்ணெயே. எண்ணெய் போனால் பிடியும் போயிற்று.

அன்று பச்சைக்காய் மூட்டைகளுடன் வண்டி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. பெண்கள் இருவர் பின்னால் நடந்து வந்தனர். நடுச்சரிவில் வண்டி முனகிற்று, நின்றது, பின்னோக்கி நழுவிற்று. என் மருமகன் கைப்பிரேக் நெம்புகோலை இழுத்துக்கொண்டே, "வெலகுங்க ஆத்தா, வெலகுங்க!" என்று கத்தினான். மூத்தவள் ஏலச்செடித் தட்டைகளுக்குள் பாய்ந்து விழுந்தாள். நிழல்மரமொன்றில் முட்டி வண்டி நின்றது. இடது முன்சக்கரத்திலிருந்து எண்ணெய் வழிந்து மண் கறுத்திருந்தது. எவருக்கும் காயமில்லை.

நான் மேலிருந்து இறங்கி ஓடினேன். அச்சம் எனக்கு எப்போதும் சினமாகத்தான் வெளிப்படும். பன்னிரண்டு பெண்களும் கேட்க, "பொறுப்பற்ற ஓட்டம்! இரண்டு உயிர் போயிருக்கும். உன்னை நம்பி வண்டியைக் கொடுத்தது என் பிழை" என்றேன். மேடை ஏறிப் பழகிய குரல். அது தோட்டத்தின் மறுகோடி வரை சென்றிருக்கும்.

"நான் மெதுவாத்தேன் ஏத்துனேன் மாமா" என்றான் அவன். நான் செவிமடுக்கவில்லை.

அடுத்த நாள் அவன் ஜீப்பில் எட்டுப் பேர் ஏறினர். அவ்வாரக் கடைசியில் ஐவர். மற்றவர்கள் வேறு ஜீப்புகளில் நெருக்கிக்கொண்டு போயினர். "சொந்த மாமனே நம்பலேங்கிறப்ப நாம எப்படி ஏறுறது?" என்று அவர்கள் பேசிக்கொண்டதை என் மனைவி கடைவீதியில் கேட்டு வந்து, ஒரு சொல்லும் கூட்டாமல் என்னிடம் ஒப்பித்தாள்.

இழுவை வண்டியை மலையிலேயே விட்டுவிட்டு, சக்கரத்தைக் கழற்றி மோட்டாரை மட்டும் சாக்கில் சுற்றிப் போடியிலிருந்த மெக்கானிக்கிடம் கொடுத்தோம். அவர் டீசலில் கழுவிப் பிரித்து, தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் காக்கும் ரப்பர் வளையத்தை எடுத்துக் காட்டினார். ஆயில் சீல் என்பார்கள். அதன் விளிம்பு வெளிப்புறமாகப் புரண்டிருந்தது.

"தேஞ்சு போகலய்யா. உள்ள இருந்து எதுவோ தள்ளிருக்கு" என்றார். புதியது இட்டுக் கொடுத்தார். மருமகன் மேலே கொண்டுபோய்ப் பொருத்தினான். நான்காம் நாள் மீண்டும் கசிந்தது. இரண்டாம் முறையும் அப்படியே புரண்டிருந்தது. போலிச் சரக்கை இட்டுவிட்டாரோ என்று நான் அவரையும் ஐயுற்றேன். ஐயுறுவதற்கு என்னைத் தவிர எல்லோரும் இருந்தார்கள்.

அடுத்து இட்டதும் கசிய, மூன்றாம் முறை அவர் மோட்டாரைக் கையில் வாங்கவே மறுத்தார். "மோட்டாரு கீழ, வண்டி மேல. இப்படியே பாத்தா ஆயில் சீல மாத்திக்கிட்டே கெடக்க வேண்டியதுதேன். நானே வர்றேன், வண்டியப் பாக்கணும்" என்று எங்களுடன் ஜீப்பில் ஏறிவிட்டார்.

இழுவை வண்டியின் அடியில் மல்லாந்து படுத்துக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு, "இங்கன கயிறு கட்டிருக்கே, இது யாரு சோலி?" என்ற குரல் மட்டும் வந்தது.

நான் குனிந்து பார்த்தேன். இடது முன்சக்கரத்திலிருந்து வரும் மெல்லிய குழாய் ஒன்று வண்டிச் சட்டத்தோடு நெகிழிக் கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. கட்டிய இடத்தில் குழாய் தட்டையாக நசுங்கியிருந்தது.

ஆடிக்காற்றுக்கு முன் ஏலத்தட்டைகளை ஒன்றுசேர்த்துக் கயிற்றால் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். வேலை தெரிந்த பெண்கள் இரு விரல் நுழையும் அளவுக்கு விட்டுத்தான் கட்டுவார்கள். அவ்வாண்டு கட்டு நடந்த நாளில், அந்தக் குழாய் தொங்கித் தரையோடு படர்ந்த காய்ச்சரங்களை இழுத்து அறுப்பதைக் கண்டேன். ஒரு பெண்ணின் இடுப்பிலிருந்த கயிற்றில் ஒரு முழம் வாங்கி நானே கட்டினேன். இழுக்க இழுக்க இறுகும் சுருக்கு. "லேசா விட்டுக் கட்டுங்க மாமா" என்று மருமகன் அருகில் நின்று சொன்னதும் நினைவுக்கு வந்தது. அவன் இப்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் கட்டினேன்" என்றேன்.

மெக்கானிக் வெளியே வந்து கையைத் துடைத்தார். "மோட்டாருக்குள்ள கசியிற எண்ணெ இது வழியாத்தேன்யா தொட்டிக்குத் திரும்பணும். சக்கரம் திரும்புறப்பல்லாம் குழாய இழுத்து, கட்டு இறுகிருக்கு. வழிய அடைச்சா அது எங்க போகும்? சீலப் பொளந்துக்கிட்டு வரும்." பின் மருமகனிடம், "ஒம் மேல குத்தமில்ல மாப்ளே" என்றார்.

கயிற்றை அறுத்துப் புதுக் குழாயும் புது வளையமும் இட்டார். கசிவு நின்றது. அன்று மாலையே பெண்களிடம் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர்கள் களத்தில் காய் கொட்டிக்கொண்டுதான் இருந்தனர். சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. நாற்பதாண்டு மாணவர் முன் நின்று பழகியவனுக்குப் பன்னிரண்டு பெண்கள் முன் நாவெழவில்லை. மருமகனும் கேட்கவில்லை. நான்காம் நாள், அவன் ஜீப்பில் மூவர்தான் ஏறுகிறார்கள் என்று அறிந்தேன். மறுநாள் விடியலில் ஜீப்புகள் நிற்கும் முனைக்குச் சென்றேன்.

தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நின்றிருந்தனர். "அன்று நிகழ்ந்த இடருக்குக் காரணம் யாதெனில்" என்று தொடங்கினேன்.

அன்று தட்டைகளுக்குள் பாய்ந்து விழுந்த மூத்தவள் இடைமறித்தாள். "வாத்தியாரய்யா, எங்களுக்கு வெளங்குறாப்புல சொல்லுங்க. ஜீப்பு போயிரும்."

"கயிற்றைத் தப்பாகக் கட்டியது நான். அதனால்தான் எண்ணெய் போனது. அவன் மேல் ஒரு தப்பும் இல்லை."

"எப்பத் தெரிஞ்சுச்சு?"

"ஐந்து நாளாயிற்று."

பின்னாலிருந்து ஒருத்தி, "வையிறதுக்கு ஒரு நிமிசம். தப்புன்னு சொல்ல வார்த்த தேட அஞ்சு நாளாடி?" என்றாள். சிரிப்பு எழுந்தது. நானும் சிரிப்பேன் என்று எதிர்பார்த்தார்களோ என்னவோ, என்னால் இயலவில்லை.

மூத்தவள் மருமகனின் ஜீப்பில் தூக்குவாளியை வைத்தாள். "நீங்களும் ஏறுங்கய்யா. உருண்டா ஒங்களையும் சேத்து உருட்டட்டும்" என்றாள். ஒன்பது பேர் ஏறினர். மூவர் வேறு ஜீப்புக்கே போனார்கள். அவர்களை நான் குறைகூற முடியாது. ஒருவனைப் பற்றி முதலில் காதில் விழுந்த சொல் அவ்வளவு எளிதில் போய்விடுவதில்லை.

வளைவுகள் நெடுகிலும் அவன் சாலையை மட்டுமே பார்த்து ஓட்டினான். தோட்டத்தில் இறங்கியதும் நேரே இழுவை வண்டியிடம் சென்றான். இடது முன்சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அடியில் விரலால் தடவி, அவ்விரலை என் முன் நீட்டினான். எண்ணெய் இல்லை.

"காஞ்சிருக்கு" என்றான்.

வழக்கமாக அவன் எதைச் சொன்னாலும் இறுதியில் மாமா என்று முடிப்பான். அச்சொல்லுக்காக நான் காத்து நின்றேன். அவன் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறி அமர்ந்தான்.